நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று

கோவில்பட்டி,
9 பிப்ரவரி 2025

அன்புள்ள தம்பி தேவஇரக்கத்துக்கு அக்கா ஞானப்பூ எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் ஆண்டவர் கிருபையில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் லீதியாளும் எப்படி? குஜராத்தில், உங்கள் வாப்பியில் குளிர் விட்டதா?

வெட்கத்தை விட்டு ஒன்று சொல்கிறேன், நமக்குள் இருக்கட்டும். என் போன் கக்கூஸில் விழுந்துவிட்டது. இடுப்பில் செருகியிருந்தேன். குனிந்தேன். போய்விட்டது. அந்த நேரம் பார்த்து நீதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். நான் வைத்திருந்த பாட்டு உள்ளேயிருந்து இரண்டு தரம் கேட்டு, அப்புறம் அடங்கிவிட்டது. உன் அத்தான் வெளியே நின்றுகொண்டு, "ஏட்டி, தம்பி கூப்பிடுதான், எடுக்கமாட்டியா?" என்கிறார்.

புதுப் போன் மிளகாய் விற்ற பிறகுதானாம். அதுவரை கடிதம். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை. எழுத்து கோணலாக இருந்தால் தலையைச் சாய்த்துக்கொண்டு படி.

இனி வருத்தமான செய்தி. நம் ஆலயத்தில் மத்தியானம் இரண்டு மணிக்கு இந்தி ஆராதனை நடத்துகிற பத்ரஸ் கெர்கெட்டா போதகரைப் பற்றி உன்னிடம் சொல்லியிருக்கிறேன். ஜார்க்கண்டிலிருந்து தீப்பெட்டி ஆபீசுக்கும் மில்லுக்கும் வேலைக்கு வந்த பிள்ளைகளுக்காக ஆறு வருடமாக இங்கே இருக்கிறவர். அவர் சபையில் சுமந்தி என்று ஒரு பெண். அவளுடைய இரண்டு வயதுப் பிள்ளை காய்ச்சலில் இறந்துவிட்டது. வியாழக்கிழமை.

நம் கல்லறைத் தோட்டத்தில் குழி தோண்ட வேண்டுமென்றால் மண்டல மன்றத்தில் உறுப்பினரான போதகர் ஒருவர் சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்ரஸ் போதகருக்கு மன்றத்தில் இடமில்லை. வெளியூர்க்காரர் என்பதால் விருந்தாளி என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் போதகரோ கண் ஆபரேஷனுக்கு மதுரைக்குப் போயிருந்தார். சனிக்கிழமை அவர் கண்ணில் கட்டோடு வந்து கையெழுத்துப் போடுகிற வரைக்கும் பிள்ளை ஐஸ் பெட்டியில் கிடந்தது. பத்ரஸ் போதகர் பேனாவைத் திறந்து கையில் பிடித்தபடி ஆபீஸ் வாசலிலேயே நின்றார். மை காய்ந்துவிடும், மூடுங்கள் என்று நான்தான் சொன்னேன்.

நம் போதகருக்கே பொறுக்கவில்லை. மே மாதம் மண்டல மன்றம் இங்கே கூடும்போது, வெளியிலிருந்து வந்து ஊழியம் செய்கிற போதகர்களுக்கும் இடமும் ஓட்டும் தர வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவரப் போகிறார். சிரிக்காதே, அந்த மன்றத்தில் பெண்கள் சங்கத்துப் பிரதிநிதி நான். மற்ற நாலு பேரும் மாட்டேன் என்று சொன்னார்கள். என் வாயில் பஜ்ஜி இருந்தது.

நீ பத்தொன்பது வருடமாக அங்கே தமிழ்ச் சபைக்குப் போதகராக இருந்து, மன்றத்தில் நாற்காலி போட்டு உட்காருகிறவன். எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எழுது.

உன் படிக்காத அக்கா,
ஞானப்பூ

*

வாப்பி,
21 பிப்ரவரி 2025

அன்புள்ள அக்காவுக்கு, கர்த்தரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். நாங்கள் நலம். லீதியாளுக்கு மட்டும் முழங்கால் வலி. அத்தானுக்கு இருமல் நின்றதா?

கடிதத்தைப் படித்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அந்தப் பிள்ளையின் செய்தி வந்தது. லீதியாள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

தீர்மானம் எந்தத் தேதியில் வருகிறது? எழுத்தில் கொடுத்துவிட்டார்களா? எத்தனை பேருக்கு ஓட்டு உண்டு? விவரமாக எழுது. இங்கே மன்றத்தில் எப்படி என்று கேட்டிருந்தாய். எல்லா இடத்திலும் ஒன்றுபோலத்தான்.

ஜெபத்தோடு,
தம்பி இரக்கம்

*

கோவில்பட்டி,
16 மார்ச் 2025

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. நாங்கள் சுகம். லீதியாள் முழங்காலுக்கு வேப்பெண்ணெய் தடவச் சொல். நாற்றத்துக்கு நீ எட்டப் படுத்துக்கொள்.

போனில் நீ 'ம்', 'சரி' என்று இரண்டு சொல் பேசுவாய். கடிதத்தில் ஒரு பக்கம் பேசுகிறாய். அதனால் புதுப் போன் வந்தாலும் வரவில்லை என்றுதான் சொல்வேன்.

நீ கேட்ட விவரம். மன்றம் மே ஒன்பதாம் தேதி. தலைவர் நீங்கலாக எண்பத்துமூன்று ஓட்டு. கையைத் தூக்க வேண்டும், ஒருத்தர் சத்தமாக எண்ணுவார், எண்ணி முடிக்கிற வரைக்கும் கதவு சாத்தியிருக்கும். செயலாளர் செல்வக்குமார் வாத்தியார் தீர்மானத்துக்கு எதிரி. போன ஞாயிறு ஆலயத்து வாசலில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இன்னைக்கு நாற்காலி குடுத்தா நாளைக்கு ஆலயத்தையே கேப்பாம்மா" என்றார். "கேட்டா குடுத்துருங்க வாத்தியாரே, அவியளாவது நேரத்துக்கு வருதாவ" என்றேன். அவர் காலை ஆராதனைக்குப் பிரசங்கம் முடிகிற நேரத்தில் வருகிறவர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஓட்டு மாறாது.

பத்ரஸ் போதகர் வீட்டுக்குப் போயிருந்தேன். ஒற்றை அறை, தகரக் கூரை. தீப்பெட்டி ஆபீஸ் பெண்களிடம் தமிழ் பழகினவர், ஆகையால் நம்மைவிட நம் பேச்சுப் பேசுகிறார். "அக்கா, எனக்கு நாற்காலி வேண்டாம். ஒரு கையெழுத்து வேணும். அதுக்குத்தான் கேக்குதேன்" என்றார். "கவலப்படாதீரும், எங் கை ஒண்ணு உமக்குத்தான்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ மன்றத்தில் உட்கார்ந்திருக்கிற படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறேனே, அதை அவரிடம் சொன்னேன். "வடக்க எங்க தம்பிக்கு நாற்காலி இருக்கு, தெக்க உமக்கு இருக்கக் கூடாதா?" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

உன் பேரைச் சொல்லி ஊரை ஆளும்
அக்கா

*

வாப்பி,
14 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்கா, உயிர்த்தெழுதலின் நாளுக்கு முன்கூட்டியே வாழ்த்து. நாங்கள் நலம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள்.

ஒரே ஒரு காரியம். அன்றைக்கு முன் வரிசையில் உட்கார். எதற்காகவும் எழுந்திருக்காதே. தண்ணீர் குடிக்கக்கூட வேண்டாம். இந்த மாதிரித் தீர்மானத்தைச் சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் எடுப்பார்கள். பசி வந்துவிட்டால் ஆட்கள் கலைவார்கள்.

பத்ரஸ் போதகருக்கு என் வந்தனம் சொல். படத்தைப் பற்றி அதிகம் பேச வேண்டாம்.

இரக்கம்

*

கோவில்பட்டி,
12 மே 2025

அன்புள்ள தம்பிக்கு, நாங்கள் சுகம். நீயும் லீதியாளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். வெயில் மண்டையைப் பிளக்கிறது. கரிசல் வெடிப்பில் ஆட்டுக்குட்டி கால் மாட்டிக்கொள்கிறது.

தீர்மானம் தோற்றுவிட்டது. நாற்பத்தொன்றுக்கு நாற்பத்தொன்று. சமமாக வந்தால் விழுந்ததாகத்தான் அர்த்தமாம். இனி மூன்று வருடத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாதாம்.

மன்றத்துக்கு நம் சபைதான் அசன விருந்து போட்டது. அப்பா காலத்துக்குப் பிறகு இப்படி ஒரு அசனம் இல்லை என்று விளாத்திகுளத்துக்காரர்களே சொன்னார்கள். புதூரிலிருந்து பதினாறு கிடாய். சமையல் நம் செய்யது அலி பாய். கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு. குளத்தூர் உப்புத்தான் வேண்டும் என்று அடம் பிடித்து மூட்டை வரவழைத்தார். நம் வழக்கம் உனக்குத் தெரியும், சமைத்தவர் உப்புப் பார்க்கக் கூடாது, சபைப் பெண் ஒருத்திதான் பார்க்க வேண்டும். இந்த வருடம் நான். உள்ளங்கையில் பாய் ஒரு கரண்டி நுனி விட்டார். உப்புச் சரியாக இருந்தது. பந்தி நாலு. கடைசிப் பந்திக்குக் குழம்பு நீர்த்துவிட்டது என்று குளத்தூர்க்காரர் ஒருவர் முகத்தைச் சுளித்தார், அவர் எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தானாம். அப்பளம் மட்டும் போதவில்லை. பத்ரஸ் போதகர் மூன்றாம் பந்தி. நான்தான் குழம்பு ஊற்றினேன். "நல்லா இருக்கு அக்கா" என்றார்.

வேறு விசேஷம் இல்லை.

அக்கா

*

வாப்பி,
22 மே 2025

அன்புள்ள அக்கா, கர்த்தர் உங்களைக் காப்பாராக. இங்கே நலம்.

குழம்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். தீர்மானத்தைப் பற்றி நாலு வரி. கிண்டலும் இல்லை.

எண்பத்துமூன்று ஓட்டு என்று நீதான் எழுதினாய். நாற்பத்தொன்றும் நாற்பத்தொன்றும் எண்பத்திரண்டு. ஒருவர் எங்கே?

உப்புப் பார்த்தது எத்தனை மணிக்கு?

இரக்கம்

*

கோவில்பட்டி,
15 ஜூன் 2025

அன்புள்ள தம்பிக்கு, சுகம். உன் அத்தானுக்கு இருமல் திரும்பிவிட்டது. மிளகாய் வற்றலை மூட்டை கட்டும்போது வந்த தும்மல் இன்னும் நிற்கவில்லை, பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறு வயசு" என்று சொல்லிச் சொல்லி அவருக்கு இப்போது ஆயிரம் தாண்டிவிட்டது. புதுப் போன் வாங்கியாயிற்று. நம்பர் எழுதவில்லை, எழுதினால் கூப்பிடுவாய்.

பத்ரஸ் போதகருக்கு இந்த வருடத்து அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. விருந்தாளி என்றால் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமாம். இரண்டு மணி ஆராதனை நடக்கிறது. எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன். அடுப்பில் பால் இருக்கிறது.

அக்கா

*

வாப்பி,
2 ஜூலை 2025

அன்புள்ள அக்கா, இங்கே மழை பிடித்துவிட்டது. லீதியாளுக்கு முழங்கால் பரவாயில்லை.

உன்னை நெருக்கிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சுவரில் மாட்டியிருக்கிற படம். அன்றைக்குக் கூட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருந்தது. நாற்காலி போடுகிற வேலை என்னுடையது. எண்பது நாற்காலி போட்டு முடித்து, கால் வலித்ததால் ஒன்றில் உட்கார்ந்தேன். லீதியாள் போனில் எடுத்தாள். ஆட்கள் வரத் தொடங்கியதும் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டேன். இந்த மன்றத்தில் தமிழ்ச் சபைப் போதகருக்கு இடமில்லை, ஓட்டுமில்லை. பத்தொன்பது வருடத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அந்த ஒரு தரம்தான். படத்தைப் பார்த்து அம்மா, "மெம்பராலே?" என்று கேட்டார்கள். உடம்பு முடியாமல் கிடந்தவர்களிடம் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பிறகு நீயும் ஊரெல்லாம் சொல்லிவிட்டாய். மாற்றிச் சொல்ல ஒரு நாள் வாய்க்கவில்லை.

அங்கே தீர்மானம் ஜெயித்தால் அந்தக் காகிதத்தை வாங்கி, மொழிபெயர்த்து, இங்கே தலைவரிடம் கொண்டுபோய்க் காட்டலாம் என்று இருந்தேன். தெற்கே ஒரு மண்டலம் செய்திருக்கிறது, பாருங்கள் என்று. அதனால்தான் தேதி, ஓட்டு என்று துளைத்துத் துளைத்துக் கேட்டேன்.

படத்தை எடுத்துவிடு.

இரக்கம்

*

கோவில்பட்டி,
7 செப்டம்பர் 2025

தம்பி,

இரண்டு மாதமாக எழுதவில்லை. சுகம் விசாரிக்கவும் வாய் வரவில்லை. நீ சுகமாக இரு, அது போதும்.

பன்னிரண்டே முக்கால் மணிக்கு. நீ கேட்டதற்குப் பதில் அதுதான்.

முன் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னபடி தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நம் போதகர் தீர்மானத்தைப் படித்தார். சுமந்தி பிள்ளையின் பேரையும் சொன்னார். செல்வக்குமார் வாத்தியார் எழுந்து எதிராக நீளமாகப் பேசத் தொடங்கினார். அப்போது ஜன்னலில் செய்யது அலி பாய் கை காட்டினார். "யக்கா, எறக்கப் போறேன், உப்பு பாத்துட்டு ஓடிருங்க." வாத்தியார் பேச்சு எப்போதும் கால் மணி நேரம். எனக்குத் தெரியாத வாத்தியாரா? ஒரு நிமிஷம்தானே என்று போனேன். அறுநூறு பேருக்கான அண்டா, நான் பார்க்காமல் இறக்கினால் நாளைக்கு ஊர் என்ன சொல்லும் என்றும் ஒரு பெருமை இருந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

வாத்தியார் அன்றைக்கு இரண்டே நிமிஷத்தில் முடித்துவிட்டார். குழம்பு நாக்கில் இருக்கும்போது உள்ளே எண்ணுகிற சத்தம் கேட்டது. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஓடினேன். கதவு சாத்தியிருந்தது. நாற்பத்தொன்று என்று சொல்லிவிட்டு அந்த மனுஷன் நிறுத்திவிட்டார். நான் வெளியே கதவுக்கு முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றேன். கதவு திறந்தபோது யார் முகத்தையும் பார்க்காமல் போய் என் இடத்தில் உட்கார்ந்தேன்.

உப்புச் சரியாகத்தான் இருந்தது, தம்பி. நான் பார்க்காவிட்டாலும் சரியாகத்தான் இருந்திருக்கும்.

நம் போதகரிடம் சொன்னேன். தலைவரிடம் போனேன். "ஒங்க கை வெளிய இருந்துச்சுன்னா வெளியதாம்மா. சட்டம் அதான்" என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. எல்லாரிடமும் சொன்னேன், உன்னிடமும் பத்ரஸ் போதகரிடமும் தவிர. உன் கடிதம் வந்த பிறகு அது அவருக்கு மட்டும் போன ஓட்டு இல்லை என்று தெரிந்துபோனது. அப்புறம் எப்படி எழுதுவது?

படம் சுவரில்தான் இருக்கிறது. எடுக்கமாட்டேன். எண்பது நாற்காலி போட்டவன் ஒன்றில் உட்காரக் கூடாதா?

ஞானப்பூ

*

வாப்பி,
17 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா, நலம்.

இரண்டு தரம் படித்தேன். கோபம் வந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. போய்விட்டது என்று எழுதினால் இன்னொரு பொய்யாகும்.

எனக்கு எழுதிவிட்டாய். அது சுலபம், நான் ஆயிரம் மைலுக்கு அந்தப்பக்கம் இருக்கிறேன். அவர் உன் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார்.

நேரில் போய்ச் சொல்.

இரக்கம்

*

கோவில்பட்டி,
12 அக்டோபர் 2025

அன்புள்ள தம்பிக்கு, அக்கா எழுதுவது. உன் அத்தானுக்கு இருமல் இருக்கிறது. விதைப்புக்கு மழை பார்த்துக்கொண்டிருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு எழுது.

நீ சொன்ன பிறகும் இரண்டு வாரம் தள்ளினேன். அடுத்த தெருதான். இரண்டு தடவை முக்கு வரை போய்த் திரும்பினேன். அதற்குள் பத்ரஸ் போதகர் ஊருக்குப் புறப்பட்டுவிட்டார். அனுமதிக் கடிதம் வரவில்லை. அவருடைய சொந்தச் சபை திரும்ப வரச் சொல்லிவிட்டது. இங்கே இருக்கிற பிள்ளைகளுக்கு யார் வருவார்கள் என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. போன ஞாயிறு இரண்டு மணிக்கு ஆலயத்துப் பக்கம் போனேன். பூட்டின கதவுப் படியில் சுமந்தி உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் கல்லறைத் தோட்டத்துப் பக்கம் எழுந்து போனாள். நான் பேசவில்லை. அவள் பேச்சு எனக்கு வராது, என் பேச்சு அவளுக்கு வரும், அதனாலேயே பேசவில்லை.

வழியனுப்ப ஸ்டேஷனுக்கு நான் போனேன். பிள்ளைகளுக்கெல்லாம் ஷிப்ட். வருகிறேன் என்ற நம் போதகருக்குக் காய்ச்சல். ஆக, நான் மட்டும். பகல் வண்டி. மூன்று பெட்டி, ஒரு மூட்டை, ஒரு பாத்திரக்கட்டு. அரை மணி நேரம் முன்னாலேயே போய்விட்டோம். பெஞ்சில் உட்கார்ந்து அவர் ரயில் வருகிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னேன். சுற்றி வளைக்கவில்லை.

"போதகரே, அன்னைக்கு நாற்பத்திரண்டாவது கை எங் கைதான். நான் வெளிய போயிட்டேன்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "தெரியும் அக்கா" என்றார்.

"யாரு சொன்னாவ?"

"யாரும் சொல்லல. நான் உள்ள கதவு கிட்டதான நின்னேன். நீங்க வெளிய போக வருதீங்க, நான்தான் ஒதுங்கி வழி விட்டேன். பொறவு கதவ தெறந்து விட்டதும் நான்தான். நீங்க என்னயப் பாக்கல."

"அப்பவே ஏன் என்னயக் கூப்பிடல? போகாதீங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"நான் விருந்தாளி அக்கா. மெம்பர மறிக்க எனக்கு எப்படி உரிமை இருக்கும்?"

எனக்கு அழுகைகூட வரவில்லை. ஐந்து மாதமாக அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "சுகமா அக்கா" என்று கேட்டிருக்கிறார். ஆயிரம் தடவை கேட்டிருப்பார். அவ்வளவையும் தெரிந்துகொண்டுதான் கேட்டிருக்கிறார். என்னை மன்னித்துவிட்டார் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியவில்லை. கேட்கவும் இல்லை.

வண்டி வந்தது. இரண்டு நிமிஷம்தான் நிற்கும். அவர் முதலில் ஏறினார், நான் கீழேயிருந்து பெட்டிகளைக் கொடுத்தேன். மூட்டை கனமாக இருந்ததால் நானும் ஏறி, சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது நம் ஸ்டேஷன் பின்னால் போய்க்கொண்டிருந்தது. அடுத்து வண்டி சாத்தூரில் நின்றது. இறங்கினேன். அவர் ஜன்னலில் கை கூப்பினார், நானும் கூப்பினேன். ஏறும் அவசரத்தில் ஒரு செருப்பு கோவில்பட்டி பிளாட்பாரத்தில் நின்றுவிட்டது. மற்றதைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். ஊர் திரும்பியதும் ஸ்டேஷனில் போய்ப் பார்த்தேன். செருப்பு இல்லை.

அக்கா
ஞானப்பூ